குறைந்தால் திருட்டு, கூடினால் இரைச்சல்

ஒரு மாநகராட்சியின் குப்பை லாரிகளுக்கு எரிபொருள் மேலாண்மை மென்பொருள் எழுதிய குழுவில் இரண்டு வருடம் இருந்தேன். ஊர் பெயர் வேண்டாம், கம்பெனி பெயரும் வேண்டாம். இதைப் படித்துவிட்டு யாரும் அந்த ஊரைத் தேடிப் போகத் தேவையில்லை. உங்கள் ஊரிலேயே இதே மாதிரி ஒரு டெண்டர் இப்போது ஓடிக்கொண்டிருக்கலாம். அறிவிப்பில் ‘ஸ்மார்ட்’ என்ற சொல் இருக்கும். ‘டீசல் திருட்டுக்கு முற்றுப்புள்ளி’ என்று செய்தித்தாளில் ஒரு பத்தி வரும். நீங்களும் நானும் அதைப் படித்து ‘பரவாயில்லையே, வரிப்பணம் மிச்சம்’ என்று அடுத்த செய்திக்குப் போய்விடுவோம்.

நான் அப்படிப் போக முடியாத இடத்தில் மாட்டிக்கொண்டேன். அந்த மென்பொருளில் திருட்டைக் கண்டுபிடிக்கும் பகுதியை எழுதியவன் நான்தான். அது முதலில் கண்டுபிடித்த ‘திருடர்’ திருடவில்லை.

முதலில் அந்தச் சாமான் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். லாரியின் டீசல் டேங்குக்குள் மேலிருந்து கீழாக ஒரு கம்பி மாதிரி சென்சாரை இறக்குவார்கள். டீசல் எந்த உயரம்வரை நிற்கிறது என்று அது சொல்லும். கவனியுங்கள், உயரத்தைத்தான் சொல்லும். லிட்டர் என்றால் அதற்கு என்னவென்றே தெரியாது. காலி டேங்கில் பத்துப் பத்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் உயரத்தைக் குறித்துக்கொண்டு ஓர் அட்டவணை தயாரிப்போம். அதை வைத்து உயரத்தை லிட்டராக மாற்றுவது மென்பொருள். டேங்க் வாயில் ஒரு ஆர்.எஃப்.ஐ.டி. வளையம் இருக்கும். பங்க் நாசில் அந்த வளையத்தை அடையாளம் கண்டால்தான் டீசல் இறங்கும். ஒரு ஜி.பி.எஸ். பெட்டி, அதற்குள் ஒரு சிம் கார்டு. அரை நிமிடத்துக்கு ஒருமுறை இந்த எண்களெல்லாம் சர்வருக்கு வரும். அலுவலகத்தில் ஒரு பெரிய திரை, அதில் பச்சை, மஞ்சள், சிவப்பு.

வண்டி ஓடும்போது டேங்குக்குள் டீசல் அலையடிக்கும். அதனால் கடைசிப் பத்து நிமிட எண்களின் சராசரியை எடுப்போம். என்ஜினை அணைத்த பிறகு டீசல் குறையக் காரணமில்லை அல்லவா? எனவே நான் எழுதிய விதி இது: என்ஜின் நின்றிருக்கும்போது 8 லிட்டருக்கு மேல் குறைந்தால் சிவப்பு. திரையில் ‘திருட்டு’ என்று வரும். ‘சந்தேகம்’ என்று போடலாமே என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். டெண்டரில் ‘தெஃப்ட் அலர்ட்’ என்றுதான் இருக்கிறது என்று பதில் வந்தது. நான் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

2023இல் ஒரே மாதத்தில் ஒரு வண்டிக்கு மூன்று சிவப்பு வந்தது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 9 லிட்டர். ஓட்டியவர் ஒப்பந்த ஊழியர், ஐம்பது வயதிருக்கும். மூன்று ஒன்பது இருபத்தேழு. அன்றைக்கு லிட்டர் 94 ரூபாய் சொச்சம். சம்பளத்தில் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு மேல் பிடித்தார்கள், வண்டியிலிருந்தும் இறக்கிவிட்டார்கள். விசாரணை என்று ஒன்றும் நடக்கவில்லை. ஒப்பந்த ஊழியருக்கு எதற்கு விசாரணை? திரையில் இருந்ததை ஒரு ஏ4 தாளில் அச்சடித்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். மற்றவர்களுக்குப் பாடமாம்.

வேறு சென்சார்களைச் சரிபார்க்க அந்த ஷெட்டுக்குப் போயிருந்தபோது அவரே என்னைத் தேடி வந்தார். முதலில் ‘சார்’ என்றுதான் ஆரம்பித்தார். நான் அட்டவணை, சராசரி என்று ஏதோ விளக்கினேன். கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு ‘சார்’ போய்விட்டது.

“தம்பி, குப்பைமேட்டுல ஏறி வரிசையில நிக்கும்போது என்ஜின ஆஃப் பண்ணச் சொல்லி உங்க ஆபீசுதான் சர்க்குலர் போட்டுச்சு. மேட்டுல நிறுத்துனா முள்ளு இறங்கும். கீழ வந்தா ஏறிரும். இது கிளீனர் பையனுக்கே தெரியும். உங்க கம்ப்யூட்டருக்குத் தெரியாதா?”

தெரியாது. எனக்கும் தெரியாது. நான் ஓட்டுவது ஸ்கூட்டர்.

அன்றைக்கே இன்னொரு வண்டியில் கிளீனர் இடத்தில் உட்கார்ந்து போனேன். கிடங்கில் குப்பை மலைமேல் ஏறுகிற மண் பாதை, சுமார் எட்டு டிகிரி சாய்வு. வரிசையில் வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. என் போனில் அந்த வண்டியின் வரைபடத்தைத் திறந்து வைத்திருந்தேன். என்ஜின் நின்றது. கோடு சரிந்தது. சிவப்பு.

கணக்கைப் பார்ப்போம், பத்தாம் வகுப்புக் கணக்குதான். டேங்க் 160 லிட்டர், உயரம் 50 சென்டிமீட்டர். ஒரு சென்டிமீட்டருக்கு 3.2 லிட்டர். டேங்கின் நடுவில் பட்டை ஓடுவதால் சென்சாரை 20 சென்டிமீட்டர் முன்பக்கம் தள்ளித் துளை போட்டிருந்தார்கள். எட்டு டிகிரி சாய்ந்தால் டீசல் பின்பக்கம் ஓடும். சென்சார் இருக்கும் இடத்தில் மட்டம் 2.8 சென்டிமீட்டர் இறங்கும். 2.8 பெருக்கல் 3.2, கிட்டத்தட்ட 9 லிட்டர். அவர் திருடியதாகச் சொன்ன 9 லிட்டர் டேங்கிலேயேதான் இருந்தது, அரை அடி தள்ளி.

இதுவரை சொன்னது பிழை. மென்பொருளில் பிழை வரும், திருத்துவோம், அதற்குத்தான் சம்பளம். நான் இந்தக் கட்டுரையை எழுதுவது அதற்காக இல்லை. வண்டி மேட்டிலிருந்து கீழே இறங்கியதும் அந்த 9 லிட்டர் திரும்பி வந்திருக்க வேண்டுமே, அது ஏன் யார் கண்ணிலும் படவில்லை? அன்றிரவு என் நிரலை மறுபடி படித்தேன். பதில் அதில் இருந்தது. டீசல் 8 லிட்டர் குறைந்தால் திருட்டு என்று எழுதியிருந்தேன். கூடினால்? 15 லிட்டருக்குக் குறைவான எந்தக் கூடுதலையும் ‘இரைச்சல்’ என்று தள்ளிவிடச் சொல்லியிருந்தேன். யாரும் 15 லிட்டருக்குக் குறைவாக நிரப்ப மாட்டார்கள், ஆகவே அது சென்சாரின் ஆட்டம். நியாயமாகத்தானே தெரிகிறது?

குறைந்தால் மனிதன் குற்றவாளி. கூடினால் கருவியின் சின்ன ஆட்டம். ஒரே சென்சார், ஒரே டேங்க், ஒரே நாள். அந்த இரண்டு வரிகளையும் நான் ஒரே மதியத்தில் காபி குடித்துக்கொண்டே எழுதியிருப்பேன். எனக்கு ஓட்டுநர்கள்மேல் கோபம் எதுவும் இல்லை. ஒரு ஓட்டுநரைக்கூட அதுவரை நேரில் பார்த்ததில்லை. ஆனால் எனக்குக் கொடுத்த ஆவணத்தின் முதல் பக்கத்திலேயே டீசல் குறைவதற்குக் காரணம் ஓட்டுநர் என்று முடிவாகியிருந்தது. நான் அதைக் கணினிக்குப் புரியும் மொழியில் மொழிபெயர்த்தேன், அவ்வளவுதான். கணினி பாரபட்சம் பார்க்காது என்று சொல்கிறவர்களை அந்த இரண்டு வரிகளுக்கு முன்னால் உட்காரவைக்க ஆசைப்படுகிறேன்.

‘அப்படியென்றால் யாரும் டீசல் திருடுவதே இல்லையா?’ என்று கேட்பீர்கள். திருடுகிறார்கள். ராத்திரி ரப்பர் ட்யூப் போட்டு உறிஞ்சுவது நடக்கிறது. அதைச் சென்சார் பிடிக்கும், பிடித்ததையும் பார்த்திருக்கிறேன். பொதுப்பணத்தில் ஒரு லிட்டர் போனாலும் கேள்வி கேட்க வேண்டியதுதான். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் டீசல் காணாமல் போகும் வழி ட்யூப் ஒன்றுதானா? ஷெட்டில் படுத்துக் கிடக்கும் வண்டிக்கு ஓடியதாக லாக் புக் எழுதலாம். கிலோமீட்டர் மீட்டர் ரிப்பேர் ஆன வண்டிக்கு இஷ்டத்துக்கு தூரம் போடலாம். 60 லிட்டர் போட்டுவிட்டு 80 லிட்டருக்கு ஸ்லிப் வாங்கலாம். இவை ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு கையெழுத்து வேண்டும். ஓட்டுநர் தனியாகச் செய்ய முடியாது. டேங்குக்குள் தொங்கும் கம்பி ரப்பர் ட்யூபைப் பார்க்கும், பேனாவைப் பார்க்காது.

பார்க்க வைக்கவும் முடியும், அதில் கஷ்டமே இல்லை. பங்க் பில், இண்டென்ட், ஜி.பி.எஸ். தூரம், ஷெட்டின் பழுது பதிவேடு நான்கையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டால் போதும். இரண்டு வார வேலை. நானே கூட்டத்தில் சொன்னேன். ‘ஸ்கோப்பில் இல்லை’ என்றார்கள். அதற்குப் பதில் வந்த கோரிக்கை வேறு: 8 லிட்டர் வரம்பை 5 ஆக்குங்கள், சின்னத் திருட்டும் தப்பக் கூடாது.

5 லிட்டர் என்றால் என்ன ஆகும் தெரியுமா? டீசல் வெப்பத்தில் விரியும். ஒரு டிகிரி செல்சியசுக்கு அதன் பருமன் ஏறக்குறைய 0.08 சதவீதம் கூடும். நிறைந்த 160 லிட்டர் டேங்க் மதிய வெயிலில் 44 டிகிரிக்குச் சூடாகி, விடியற்காலையில் 24 டிகிரிக்குக் குளிர்ந்தால் இரண்டரை லிட்டர் சுருங்கும். யாரும் தொடவில்லை, இரவு குளிர்ந்தது, அவ்வளவுதான். வரம்பில் பாதியை வானிலையே தின்றுவிடும். மிச்சத்துக்குப் பக்கத்து மேடு போதும். எண்ணெய் வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பங்க்கில் தினமும் டீசலின் அடர்த்தியை அளந்து, அதை 15 டிகிரிக்கு மாற்றி எழுதிவைப்பது அதனால்தான். விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் நடுவே இயற்பியல் செல்லும். முதலாளிக்கும் ஓட்டுநருக்கும் நடுவே மட்டும் செல்லாதா?

டெண்டர் விஷயத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் அரசு அமைப்புகள் பொருள் வாங்குவதற்கு 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டம் இருக்கிறது. தகுதி உள்ளவர்களில் குறைந்த விலை கேட்டவருக்கு வேலை. ஊழலைத் தடுக்க வந்த நல்ல சட்டம், அதன்மேல் எனக்குப் புகார் இல்லை. ஆனால் விலையில் போட்டி என்றால், விலைக்கு வாங்கப்படுவது என்ன என்று எழுதுகிற தாள்தான் எல்லாமே. நாங்கள் வேலை செய்த தாளில் ‘துல்லியம் 99 சதவீதம்’ என்று ஒரு வரி இருந்தது. எதில் 99? சமதரையில் ஆடாமல் நிற்கும் டேங்கிலா, குப்பைமேட்டில் சாய்ந்த டேங்கிலா? அந்த வரியை எழுதியவர் கேட்டுக்கொள்ளவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மேசை மேல் சோதித்துக் காட்டினோம், 99 வந்தது, கையெழுத்தானது. சாய்மானம் அறியும் சில்லு சில நூறு ரூபாய்தான். அது கேட்கப்படாததால் எங்கள் விலையிலும் இல்லை. அதைச் சேர்த்து விலை சொன்ன கம்பெனி ஏதாவது இருந்திருந்தால் தோற்றிருக்கும்.

அந்தத் தாளைத் தயாரிக்கும்போது பொறியாளர்கள் இருந்தார்கள், கணக்குப் பிரிவு இருந்தது, ஆலோசகர் இருந்தார். ஒரே ஒரு ஓட்டுநரைக் கூப்பிட்டு, ‘அண்ணே, உங்க வண்டில டீசல் எங்க போகுது?’ என்று கேட்டிருந்தால்? சொல்லியிருப்பார்.

அந்த ஒரு நாள் பயணத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. காம்பாக்டர் வண்டி குப்பையை அழுத்துவதற்கு என்ஜின் சக்தியைத்தான் எடுக்கிறது. வண்டி ஓரடி நகராமல் டீசல் எரியும். ஆனால் எங்கள் அறிக்கை ‘லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்’ என்று கணக்குப் போட்டு, அதிகக் குப்பை அள்ளிய வண்டியை மோசமான வண்டி என்று கடைசியில் தள்ளியது. கிடங்கு வாசலில் எடைமேடை ஒன்றுதான். வரிசை ஒரு மணி நேரம். ஊர்ந்து ஊர்ந்து போகும் வரிசையில் என்ஜினை எல்லா நேரமும் அணைக்கவும் முடியாது. சும்மா ஓடும் என்ஜினுக்கு மணிக்கு 2 லிட்டர் என்றே வையுங்கள். 60 வண்டி தினம் ஒரு மணி நேரம் நின்றால் 120 லிட்டர். ஒரே நாளில். அவரிடம் ஒரு மாதத்துக்குப் பிடித்தது 27 லிட்டர். இரண்டாவது எடைமேடை போட்டால் இது பாதியாகிவிடும். இன்னும் மேலே போனால், திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டிலேயே குப்பையைப் பிரிக்கச் சொல்கின்றன. நானும் நீங்களும் ஈரக்குப்பையைப் பிரித்துக் கொடுத்து, அது வார்டிலேயே உரமானால், பாதி லோடு மேட்டுக்கே போகாது. டீசலை மிச்சப்படுத்தும் நிஜமான கருவி நம் சமையலறை வாசலில் இருக்கும் இரண்டாவது வாளி. அதை யாரும் டெண்டர் விட முடியாது.

எங்கள் மென்பொருளில் வரிசையில் நின்ற நேரத்துக்கும் ஓர் அறிக்கை இருந்தது. ‘ஓட்டுநரின் வீண் காத்திருப்பு’ என்பது தலைப்பு. எடைமேடை ஒன்று என்பதற்கும் ஓட்டுநர் பெயரில்தான் பற்று.

இதெல்லாம் நம் ஊர்க் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். பிரிட்டனில் தபால் நிலையங்களுக்கு 1999 முதல் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் வந்தது. ஃபுஜிட்சு செய்தது. அதில் பணம் குறைவதாகக் காட்டியது. சிறு தபால் நிலையங்களை நடத்தியவர்களைத் திருடர்கள் என்றார்கள். கைக்காசைப் போட்டுச் சரிகட்டியவர்கள் எத்தனையோ பேர். 900க்கும் மேற்பட்டோருக்குக் குற்றத்தீர்ப்பு. சிலர் சிறைக்குப் போனார்கள், சிலர் உயிரை விட்டார்கள். புகார் சொன்ன பலரிடமும் ‘உங்களுக்கு மட்டும்தான் இப்படி வருகிறது’ என்றே சொல்லப்பட்டது. பிழை மென்பொருளில் இருக்க முடியும் என்று உயர் நீதிமன்றம் 2019இல்தான் சொன்னது. தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்ய 2024இல் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது. அதுவும் கணினி சரியாகத்தான் வேலை செய்திருக்கும் என்று சட்டமே அனுமானிக்கும் நாட்டில். அந்த அனுமானத்துக்கு எதிராகப் பேச வக்கீல், ஊடகம், தொலைக்காட்சித் தொடர் எல்லாம் அவர்களுக்குக் கிடைத்தும் இருபது வருடம் ஆனது. நம் லாரி ஓட்டுநருக்கு என்ன இருக்கிறது?

நம் சட்டம் ஏட்டில் கொஞ்சம் கவனமாகவே இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் சாட்சியமாக வைக்க ஒரு சான்றிதழ் வேண்டும். நீதிமன்றத்துக்குப் போனால்தானே? நோட்டீஸ் போர்டுக்குச் சான்றிதழ் தேவையில்லை. சம்பளத்தில் பிடிப்பதற்கும் தேவையில்லை.

பிழையைத் திருத்த எனக்கு அரை நாள் ஆனது. வண்டி கிடங்கு எல்லைக்குள் நின்றால் எச்சரிக்கை வேண்டாம், குறைந்தது அரை மணிக்குள் திரும்பக் கூடினால் எச்சரிக்கையை விலக்கிக்கொள் என்று இரண்டு விதி. ஆனால் பழைய எச்சரிக்கைகளைத் திரும்பப் பெற வேண்டும் என்று மின்னஞ்சல் அனுப்பியபோதுதான் மௌனம் ஆரம்பித்தது. ‘தவறு’ என்று எழுதினால் பில் நிற்கும். கடைசியில் மாநகராட்சிக்குப் போன கடிதத்தில் ‘துல்லிய மேம்பாடு’ என்று இருந்தது. மேம்பாடு! அதைப் படிக்கிற யாருக்கும் ஒரு மனிதரைத் திருடன் என்று ஒட்டியிருக்கிறோம் என்பது புரியாது. கடிதத்தின் வரைவை நான்தான் எழுதினேன் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஆறு மாதம் கழித்து அந்த வேலையை விட்டது வீரமெல்லாம் இல்லை. வேறு இடத்தில் சம்பளம் அதிகம்.

எனவே, உங்கள் ஊர் இதை வாங்கும்போது கேட்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒன்று, திரையில் வரும் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அதன் பிழை எல்லையும் வர வேண்டும். ‘9 லிட்டர்’ என்று போடாதே, ‘9, கூடக் குறைய 10’ என்று போடு. பிறகு யாருக்கும் பிடித்தம் போட மனம் வராது. இரண்டு, ஓட்டுநர் தன் வண்டியின் வரைபடத்தைத் தன் போனில், தமிழில் பார்க்க முடிய வேண்டும். அன்றைக்கே ‘மேட்டில் நின்றேன்’ என்று பதில் எழுத ஓர் இடம் வேண்டும். மூன்று, சென்சார் எண்ணை மட்டும் வைத்து ஒரு ரூபாய்கூடப் பிடிக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். நான்கு, டேங்கை அளப்பது போலவே பில்லையும் இண்டென்டையும் அளக்க வேண்டும். கீழே பார்க்கும் கண் மேலேயும் பார்க்கட்டும். ஐந்து, தவறான எச்சரிக்கை ஒவ்வொன்றுக்கும் கம்பெனிக்கு அபராதம். இந்தக் கடைசி ஒன்றைப் போட்டுப் பாருங்கள், ‘திருட்டு’ என்ற சொல் மறுநாளே ‘சந்தேகம்’ ஆகிவிடும்.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் என்னைப் போல நிரல் எழுதிப் பிழைப்பவர்களாக இருப்பீர்கள். ‘ரிக்வயர்மென்ட் வந்தது, எழுதினேன்’ என்பது நம் எல்லோருடைய பதில். எனக்கும் அதுதான். ஆனால் எந்த அளவுக்கு மேல் திருட்டு, எந்த அளவுக்குக் கீழ் இரைச்சல் என்ற எண்ணை மாநகராட்சி எனக்குக் கொடுக்கவில்லை. 8ஐயும் 15ஐயும் நான்தான் தேர்ந்தெடுத்தேன்.

கடைசியாக அவரைப் பார்த்தது ஷெட் வாசல் டீக்கடையில். வேறு ஒப்பந்தக்காரரிடம் தண்ணீர் லாரிக்குப் போயிருந்தார். பிழை என்னுடையது என்று சொன்னேன். கோபப்படவில்லை. “காசு போனாப் போவுது தம்பி. அந்த மிஷின்ல எம் பேரு இன்னும் செவப்பாத்தானே இருக்கும்? அத எங்க போய் அழிக்கிறது?” என்று கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை. அவர் கேட்ட வசதி எங்கள் மென்பொருளில் இல்லை. ஓர் எச்சரிக்கைக்கு மூன்று நிலைகள் வைத்திருந்தோம்: ‘திறந்துள்ளது’, ‘விசாரணையில்’, ‘நடவடிக்கை எடுக்கப்பட்டது’. ‘தவறு எங்களுடையது’ என்று நான்காவதாக ஒரு பொத்தான் வேண்டும் என்று டெண்டரில் யாரும் கேட்கவில்லை. எழுதும்போது எங்களில் ஒருவருக்கும் தோன்றவும் இல்லை.